பெல்ட் மணி

சுரங்கப்பாதையில் பாதி தூரம் போன பிறகு மணி அடித்தது. முன்னால், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் மணி. அந்த இருக்கையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவன் பின்னிருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான். டிரைவர்தான் அங்கே உட்காரச் சொன்னான். முன்சீட்டு காலியாக இருந்தால்தான் கோளாறு தெரியும் என்றான். காரணம் சரியாக இருந்ததால் அவன் ஒத்துக்கொண்டான். டிரைவர்கள் சொல்லும் எதற்கும் சரியான காரணம் இருப்பது அபூர்வம்.

இந்த டிரைவருக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் அவசரம். எதிலும் அவசரப்படாதவன் என்பதால் வைத்தது. கம்பெனியில் நகைச்சுவை அந்த மட்டத்தில்தான் இருந்தது.

மணி சீராக அடித்தது. டேஷ்போர்டில் சின்னச் சிவப்பு மனிதன் ஒருவன் எரிந்து எரிந்து அணைந்தான். சுரங்கத்தின் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னல் வழியே வந்து காலி இருக்கையின் மேல் ஊர்ந்து, முதுகுச் சாய்வைத் தடவி, பின்னால் அவன் மடிக்கு வந்து போயின. ஈரச் சிமெண்டின் வாடையும் புகையும் கலந்த காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தது. அதுவரை சம்பள உயர்வைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அவசரம் வாயை மூடிக்கொண்டான். அதுவே ஒரு நன்மை என்று அவனுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் சாலையோரம் வண்டிகள் ஒதுங்க விட்டிருந்த இடத்தில் அவசரம் நிறுத்தினான். இறங்கினான். முன்பக்கமாகச் சுற்றி வந்து பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, ஓரமாக விலகி நின்றான். மூட்டு வலிக்காரர் ஒருவர் இறங்குவதற்கு ஆகும் நேரம் வரை பொறுத்திருந்தான்.

மணி நின்றது.

அவசரம் கதவைச் சாத்திவிட்டுத் தன் இடத்துக்கு வந்தான்.

"என்னய்யா பண்ற?"

"இறக்கி விட்டேன் சார்."

"யாரை?"

"அது தெரியாது சார். சுரங்கத்துல ஏறும், இங்க இறங்கும். கதவத் தொறந்து விட்டாப் போதும். வேற தொந்தரவு கிடையாது."

"கதவு தொறந்து விட நீ என்ன, ஓட்டல் வாசல்ல நிக்கிறவனா?"

அவசரம் சிரித்தான். இந்த ஆட்களைக் கோபப்படுத்தவும் முடியாது.

"எல்லாரும் இப்படித்தான் பண்றீங்களா?"

"எல்லாரும்தான் சார். ஒருத்தன் மட்டும் ஒருநாள் பண்ணல. மழை பெய்யுது, யாரு இறங்கி நனையுறதுன்னு அப்படியே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டான். வழியெல்லாம் மணி அடிச்சுக்கிட்டே போயிருக்கு. அவன் வீட்டு வாசல்ல போய் நின்னுது."

"நின்னுச்சுல்ல. அப்புறம் என்ன?"

"அங்க இறங்கிடுச்சுன்னு அர்த்தம் சார்."

"சரி. இறங்கி?"

அவசரம் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தான். "அந்த வீடு இப்ப பூட்டிக் கிடக்கு சார்" என்றான். பின்னிருக்கையில் இருந்தவன் மேலே கேட்கவில்லை. கேட்டால் கதை நீளும்.

மலைச் சாலையைப் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் ரேடியோ பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். ரோந்து வண்டிகளில் ரேடியோ பொருத்திய பிறகு டிரைவர்கள் விதவிதமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மைக்கின் பொத்தானை அழுத்தினால் வைப்பர் துள்ளுகிறது, பெட்ரோல் முள் படுத்துவிடுகிறது, இண்டிகேட்டர் பதறுகிறது. இந்த மணியைப் பற்றி மட்டும் யாரும் புகார் சொல்லவில்லை. மேலதிகாரி ஒருநாள் வண்டியில் போனபோது காதில் விழுந்து, அவர் கேட்டுத்தான் வெளியே வந்தது.

திரும்பும் வழியில் அவன் விளக்கினான். குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"சுரங்கத்துக்குள்ள ரேடியோ எடுக்காது. அதுக்காக ரிலே ஒண்ணு வச்சு, சுவர் நீளத்துக்கும் கேபிள் இழுத்து விட்டிருக்கு. அதுல இருந்து அலை கசியும். பக்கத்து சீட்டுக்கு அடியில ஒரு வயர் ஓடுது. அது ஆன்டெனா மாதிரி அந்த அலையப் புடிச்சுக்குது. சென்சார் என்ன நெனைக்குது, யாரோ ஒக்காந்துட்டான்னு நெனைக்குது. அதுக்கு உன் அளவுக்குத்தான் அறிவு."

"அளந்து பாத்தீங்களா சார்?"

அலையை அளக்கும் மீட்டர் அவன் பையில்தான் இருந்தது. "இதை வேற அளக்கணுமா?" என்றான்.

சுரங்கம் ஒருவழி. திரும்ப வேண்டுமானால் மலையைச் சுற்றும் பழைய சாலையில்தான் இறங்க வேண்டும். அந்தச் சாலை முடியும் இடத்தில் அவன் வீடு. அவசரம் அவனைத் தெருவிலேயே இறக்கிவிட்டான்.

வண்டிச் சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். கம்பெனி வண்டி எது வந்தாலும் முன்சீட்டில் ஏறிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. யாரும் சொல்லாமலே கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். மணி அடித்தது. எழுந்து நின்றாள், நின்றது. உட்கார்ந்தாள், அடித்தது.

"நான்தான் அடிக்கிறேன்" என்றாள்.

வெளியே நின்ற அவனுக்கு ஜன்னல் விளிம்புக்கு மேல் அவள் உச்சந்தலையும் ஒரு ரிப்பனும்தான் தெரிந்தன. அவை எழும்பி எழும்பி அமுங்கின.

"போதும் பாப்பா, மணிக்கு வலிக்கும்" என்றான் அவசரம். அவளுக்குச் சமமாகச் சிரித்தான். அறிவும் சமம்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

*

மறுநாள் கம்பெனிக் கொட்டகையில் வண்டியின் பானெட்டைத் திறந்தபோது அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ரேடியோ பொருத்தியது அவன் மச்சினன். மனைவி கேட்டுக்கொண்டதால் அவனே சேர்த்துவிட்ட வேலை. மச்சினன் சில மாதம் இருந்துவிட்டு, இப்போது போன் உறை விற்கிறான். அது அவன் தகுதிக்கு ஏற்ற தொழில்.

ரேடியோவுக்கு மின்சாரத்தை டேஷ்போர்டின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுத்திருந்தான். ஆன்டெனாவைப் பெயிண்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தான். உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. ஆன்டெனா கேபிளையும் வண்டியின் மற்ற வயர்களையும் ஒரே கட்டாக, அண்ணன் தம்பி மாதிரி, சேர்த்துக் கட்டி டேஷ்போர்டுக்குள் திணித்திருந்தான். மைக்கை அழுத்தும்போது அந்தக் கட்டு முழுவதும் அலை பாயாமல் வேறு என்ன செய்யும்.

அவன் எல்லாவற்றையும் பிரித்தான். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு கனமான வயர் இழுத்து, இரண்டிலும் ஃபியூஸ் போட்டான். ஆன்டெனாவைக் கூரையின் நடுவுக்கு மாற்றினான். கூரைத் தகடு வெள்ளையாக மின்னும் வரை பெயிண்டைச் சுரண்டினான். பானெட்டுக்கும் வண்டியின் உடம்புக்கும் பட்டையான செப்புப் பின்னலால் எர்த் கொடுத்தான். ஆன்டெனா கேபிளை மற்ற வயர்களிலிருந்து விலக்கி எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனான். மைக்கை அழுத்தினான். வைப்பர் அசையவில்லை. முள் படுக்கவில்லை.

கடைசியாக இருக்கை. சென்சார் வயரை வெட்டிவிட்டால் மணி நிரந்தரமாக ஓய்ந்துவிடும். வெட்டுவது மச்சினன் வேலை. அவன் ஃபெரைட் வளையங்களை எடுத்தான். கறுப்பாக, கல்லைப்போல் கனமாக இருப்பவை. வயரை அவற்றுக்குள் மறுபடி மறுபடி சுற்றி நுழைத்தான். உண்மையான சைகை போகும். கசிந்து வரும் அலை போகாது. வளையங்கள் ஆடாமல் இருக்கச் சட்டத்தோடு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினான். டையின் வால்களை ஒட்ட நறுக்கினான். விரல் நுழைய இடமில்லை.

பிறகு தன் கருவிப் பையைத் தூக்கி இருக்கையில் வைத்தான். மகள் எடை இருக்கும் அந்தப் பை. மணி அடித்தது. எடுத்தான். நின்றது. நிஜமாக ஒருவர் உட்கார்ந்தால் அடிக்கும். இல்லாதவர் உட்கார்ந்தால் அடிக்காது. வேலை என்றால் இது.

முந்தின இரவு மனைவி ஒன்று சொல்லியிருந்தாள்.

"தம்பி போன் பண்ணான். அந்த மணிய மட்டும் மாமாவ விட்டுறச் சொல்லுக்கான்னான்."

"ஏன், அதையும் கெடுத்து வச்சிருக்கானா?"

"எனக்கென்ன தெரியும். நீங்களே கேளுங்க. நீங்கதான் அவனோட பேசினா வாய் தேஞ்சுரும்னு இருக்கீங்களே."

"சிகரெட் லைட்டர்ல இருந்து கரண்டு எடுத்திருக்கான் உன் தம்பி."

"ஓடுச்சுல்ல."

ஓடியது. அந்தக் குடும்பத்தின் தராதரம் அதுதான். ஓடினால் போதும்.

*

வேலை முடியும் நேரத்தில் அவன் வண்டியை எடுத்தான். சுரங்கம் வழியாகப் போய்ச் சோதித்துவிட்டு, பழைய சாலையில் இறங்கி அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணம். கருவிப் பையைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டான். மீட்டரும் அதில் இருந்தது. முடிந்த வேலைக்குக் கருவி எதற்கு.

கேட்டருகே டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவசரம் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"கதவ மட்டும் தொறந்து விட்ருங்க சார்."

"எதுக்கு? மணிதான் அடிக்காதே."

"அடிக்கலன்னா எப்படி சார் தெரியும்?"

"என்ன தெரியணும்?"

"ஏறுச்சா, இறங்குச்சான்னு."

மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. படித்த ஒருவனை நிறுத்தி வைத்து இப்படியெல்லாம் கேட்கலாம் என்று இவர்களுக்கு யார் சொன்னது. அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினான்.

சுரங்கத்தின் வாயில் வந்ததும் மைக்கை எடுத்தான். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது பிடிக்காது. அதனால்தான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, உள்ள போறேன். பேசிக்கிட்டே போவேன். பதில் சொல்லுங்க."

"பேசுங்க. அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க."

உள்ளே இருள் முழுமையாக இல்லை. மஞ்சள் விளக்குகள் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன, எரிந்தவையும் தங்களுக்குக் கீழே ஒரு வட்டத்தை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டன, அந்த வட்டங்களுக்கு இடையே வண்டியின் சத்தமே சுவரில் பட்டு இன்னொரு வண்டி கூட வருவதைப்போல் பக்கத்தில் ஓடி வந்தது. கூரையிலிருந்து ஒழுகிய நீர் கண்ணாடியில் விழுந்து உடைந்தது. பாதி தூரம். முந்தின நாள் மணி அடித்த இடம் வந்தது. போனது.

மணி அடிக்கவில்லை.

அவன் பொத்தானை அழுத்தினான். விட்டான். அழுத்தினான். எதுவும் துள்ளவில்லை, பதறவில்லை. சிவப்பு மனிதன் எரியவில்லை. வண்டி கல்லறைபோல் அமைதியாக இருந்தது. இந்தச் சுரங்கத்துக்கு இவ்வளவு பயந்தவர்களை நினைக்க அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"அக்கா, மணி அடிக்கல. கேக்குதா?"

பொத்தானை விட்டான். பிறகு:

"கேக்குது."

இவ்வளவு சுத்தமான குரலை அந்த ரேடியோவில் அவன் கேட்டதே இல்லை. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. வார்த்தைக்கு முன்னால் எடுத்த மூச்சுகூடக் கேட்டது. ஸ்பீக்கரில் வருவதுபோல் அல்ல, பக்கத்தில் இருந்து வருவதுபோல். அவன் தன் வேலையை மெச்சிக்கொண்டான்.

"அவ்வளவுதான். டெஸ்ட் முடிஞ்சுது."

"வீட்டுக்கா?"

"ஆமா. இப்படியே வீட்டுக்குத்தான்."

"சரி."

அக்கா இவ்வளவு சுருக்கமாகப் பேசி அவன் கேட்டதில்லை. திருந்திவிட்டாள் போலிருக்கிறது.

வெளியே வந்தான். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஒதுங்கும் இடம் வந்தது. சரளைக் கற்களில் பல வண்டிகளின் தடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்று போனதைக் காட்டியது. அத்தனை முட்டாள்கள். அவன் வேகத்தைக் கூட்டிக் கடந்தான்.

பழைய சாலைக்குத் திரும்பும்போது ரேடியோ கரகரத்தது.

"ஹலோ. எங்க போய்ட்டீங்க? நானும் கத்திக்கிட்டே இருக்கேன்."

அக்காவின் குரல். உடைந்து, இரைச்சலோடு, பாதி விழுங்கப்பட்டு வந்தது.

"இப்பதான் பேசினோமே" என்றான்.

"எங்க பேசினோம்? உள்ள போறேன்னீங்க. அதோட போச்சு."

"சுரங்கத்துக்குள்ள பேசினேன். பதில் சொன்னீங்க."

"உள்ள இருந்து எப்படி எனக்கு வரும்? ரிலேதான் இடி விழுந்து எரிஞ்சு கிடக்கே. மழைக்காலத்துல போனது. மாத்த ஆளு வரல. ரேடியோ பிரிவுக்குத் தெரியாதா?"

அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.

"ஹலோ. இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கூட யாராவது வர்றாங்களா? நீங்க பேசும்போது பின்னால மூச்சு விடுற மாதிரி இருக்கு."

மைக்கைக் கொக்கியில் மாட்டினான். ரேடியோவை அணைத்தான்.

ரிலே எரிந்துவிட்டது. கேபிளில் அலை இல்லை. கசிவதற்கு எதுவும் இல்லை. அப்படியானால் நேற்று மணியை அடித்தது எது. வேறு ஏதோ டிரான்ஸ்மிட்டர். மலைமேல் ஏதாவது இருக்கும். லாரிக்காரன் எவனாவது திருட்டு ரேடியோ வைத்திருப்பான். இருக்கும். அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்காமல் பேசுகிறவர்களைத்தான் அவன் இத்தனை வருடமாகக் கேவலமாகப் பார்த்து வந்தான்.

பழைய சாலை குறுகலானது. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம். வெளிச்சம் ஒவ்வொரு வளைவிலும் குறைந்தது. ஹெட்லைட்டில் பாறையின் ஈரம் மின்னியது. வண்டிக்குள் சிமெண்ட் வாடை. கண்ணாடிகளை ஏற்றித்தான் வைத்திருந்தான். சுரங்கம் எப்போதோ முடிந்துவிட்டது.

பக்கத்து இருக்கையின் ஜன்னலில் ஒரு பனித்திட்டு இருந்தது. உள்பக்கம். உள்ளங்கை அளவு. உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெளியே பார்த்தால் வாய் வரும் உயரத்தில்.

சுருங்கியது.

விரிந்தது.

அவன் சாலையைப் பார்த்தான். குளிர். ஈரப்பதம். வேறொன்றுமில்லை. மறுபடி பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

ஒரு வளைவில் கொஞ்சம் இடம் இருந்தது. நிறுத்தினான். இறங்கினான். முன்பக்கமாகச் சுற்றிப் போனான். ஹெட்லைட் வெளிச்சம் முழங்காலில் அடித்தது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. யாராவது பார்த்தால். கதவைத் திறந்தான். ஓரமாக விலகி நின்றான்.

நின்றான். மூட்டு வலிக்காரர் ஒருவர் இறங்கும் நேரம். அதற்கும் மேலே.

இறங்கிவிட்டதா?

சொல்ல எதுவும் இல்லை. சொல்ல இருந்த மணியை அவன் சரிசெய்துவிட்டான்.

குனிந்தான். இருக்கைக்கு அடியில் கை விட்டான். வளையங்கள் விரலில் பட்டன. குளிர்ந்திருந்தன. டைகளை இழுத்தான். அசையவில்லை. நகம் நுழையவில்லை. நல்ல வேலை. வீட்டுச் சாவியால் நெம்பினான். சாவி வழுக்கியது. ஒரு கட்டிங் பிளேயர் இருந்தால் ஒரே நொடி. பிளேயர் கொட்டகையில். மச்சினன் கட்டியிருந்தால் கையாலேயே பிய்த்திருக்கலாம்.

அவன் தலை இருக்கையின் விளிம்பருகே இருந்தது. அவன் முடி அசைந்தது. மேலிருந்து. மெல்ல. வெதுவெதுப்பாக.

கையை இழுத்துக்கொண்டான். முழங்கை இடித்தது. பின்னால் நகர்ந்தான்.

இருக்கை காலியாக இருந்தது. மெத்தை அமுங்கவில்லை. சமமாக இருந்தது.

பின்னால் லாரி ஒன்று வந்து ஹாரனை விடாமல் அடித்தது. வழி போதவில்லை அதற்கு. வண்டியை இங்கேயே விட்டு நடந்துவிடலாம் என்று தோன்றியது. காலையில் அவசரம் வந்து எடுத்துக்கொண்டு போவான். ஒன்றும் கேட்க மாட்டான். கேட்காமல் ஒரு பார்வை பார்ப்பான். மச்சினனுக்கும் செய்தி போகும். அதற்கு இதோடு ஓட்டிக்கொண்டு போவது எவ்வளவோ மேல். லாரிக்காரன் தலையை நீட்டி, "வீட்டுல போய்க் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நில்லுய்யா" என்று கத்தினான்.

அவன் ஏறினான். ஓட்டினான்.

வீட்டில் இன்னொரு பிளேயர் இருக்கிறது. பின்பக்க அறையில், ஆணி டப்பாவுக்குப் பக்கத்தில். வீட்டு வாசலுக்கு வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. தள்ளி நிறுத்த வேண்டும். ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். டைகளை வெட்ட வேண்டும். மணி அடிக்கும். அடித்தால் இருக்கிறது. அப்படியே திருப்பிக் கொண்டுபோய், மறுபடி சுரங்கம் வழியாக வந்து, ஒதுங்கும் இடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட வேண்டும். அவசரம் செய்வதைப்போலவே. அச்சு அசல் அவசரத்தைப்போலவே.

தெரு வந்தது. வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே நிறுத்தினான். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கவில்லை. வெளிச்சம் வேண்டும், மணி வேண்டுமானால் மின்சாரம் வேண்டும். பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து வைத்தான். அகலமாக. இங்கேயே இறங்கிப் போவதென்றால் போகட்டும். தெருவில் போகட்டும். வீட்டுக்குள் வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தான். பனித்திட்டு இல்லை. நல்லதா. தெரியவில்லை.

பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலுக்கு ஓடினான். அறையில் விளக்கைப் போட்டான். டப்பாவைத் தட்டிவிட்டான். ஆணிகள் உருண்டன. பிளேயர் கிடைத்தது.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க பின்னால வந்தீங்களா? முன்னாலதான் வருவீங்கன்னு நெனச்சேன்."

"பாப்பா எங்க?"

"வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிட்டா. உங்களப் பாக்கலையா?"

அவன் முன்வாசல் வழியாக ஓடினான். செருப்பு ஒன்று கழன்றது. தெரு நீளமாக இருந்தது. நாலு வீடு. அவனே தள்ளி நிறுத்திய நாலு வீடு.

வண்டியின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திறந்து வைத்த கதவு சாத்தியிருந்தது.

உள்ளே மகள். பக்கத்து இருக்கையில்.

மணி அடிக்கவில்லை.

பை எடைக்கு அடித்த மணி. நேற்று இவளுக்கு அடித்த மணி. நிஜமாக ஒருவர் உட்கார்ந்தால் அடிக்கும். அவனே சோதித்தான்.

கதவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. ஓட்டுபவர் பக்கம் ஓடினான். வரவில்லை. திரும்ப ஓடி வந்தான். கண்ணாடியைப் பிளேயரால் தட்டினான்.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, மணிய என்ன பண்ணீங்க? அடிக்கவே மாட்டேங்குது."

கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து குரல் மெலிதாக வந்தது.

"கீழ இறங்கு பாப்பா. கதவத் தொற."

"இறங்க முடியல" என்றாள். சிணுங்கவில்லை. கிச்சுகிச்சு மூட்டியதைப்போல் நெளிந்தாள். "பிடிச்சுக்கிட்டு இருக்கு."

நேற்று ஜன்னல் விளிம்புக்கு மேல் அவள் உச்சந்தலையும் ரிப்பனும்தான் தெரிந்தன. இப்போது முகம் தெரிந்தது. கழுத்து தெரிந்தது. தோள்கள் முழுவதும் தெரிந்தன. அவன் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தான். தெருவிளக்கு உள்ளே விழுந்தது. அவள் கால்கள் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவளுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடம். மெத்தை சமமாக இருந்தது.

அவள் தலைக்கு மேலே, பெரியவர் ஒருவரின் வாய் வரும் உயரத்தில், கண்ணாடியில் பனி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.